சொம்பு நிரம்பி வந்த நாள்

மூணாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள் நான். ஆனால் பேத்தமங்களா ரோட்டில் மண்ணே இல்லாமல் இலை வளர்க்கிற கொட்டகை யாருடையது என்று கேட்டுப் பாருங்கள், சின்னப் பிள்ளையும் என்னைத்தான் கைகாட்டும். பெங்களூர் ஓட்டலில் பச்சையாய்த் தின்கிறார்களே, அந்த இலை என்னுடையது. குழாய்க்குள் வேர் தொங்கும். உரம் கரைத்த தண்ணீர் அதை நனைத்துக்கொண்டே ஓடி, மறுபடி தொட்டிக்கு வரும். சித்திரை வெயிலில் அந்தத் தண்ணீர் சூடேறினால் வேர் பழுத்து நாறிப்போகும். ஒரு மத்தியானம் போதும், கொட்டகையே காலி.

குளிர்விக்கிற மெஷின் வாங்காமல் ஆகாது என்றான் படித்த இன்ஜினியர் தம்பி ஒருவன். அந்த விலைக்கு இன்னொரு கொட்டகை போடலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? தொட்டியைக் கழுத்து மட்டும் மண்ணில் புதைத்தேன். பக்கத்துப் பாழுங்கிணற்றில் குழாயைச் சுருள் சுருளாய் இறக்கி, தண்ணீரை அதன் வழியே சுற்றிவர விட்டேன். மேலே ஈரச் சாக்கு. அவ்வளவுதான். தம்பி தொட்டியில் கையை விட்டுப் பார்த்து, "யாரும்மா சொல்லிக் குடுத்தது?" என்றான். பூமிக்குள் குளிர்ச்சி இருப்பது எனக்கு ஏழு வயசிலேயே தெரியும் என்றேன். மீதியைச் சொல்லவில்லை.

மோட்டார் ஒன்று போதும் என்கிற இடத்தில் நான் இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்று நின்றால் மற்றது ஓட வேண்டும். அந்தச் சத்தம் நிற்கவே கூடாது.

அப்போது நாங்கள் ஸ்கெலட்டனில், தங்கச் சுரங்கத்து ஆட்களின் லைன் வீட்டில் இருந்தோம். வீடுகளுக்குப் பின்னால், சுரங்கத்துக்குக் காற்றுப் போக வெள்ளைக்காரன் காலத்தில் வெட்டிய காற்றுக்குழி ஒன்று இருந்தது. கிணறு மாதிரி நேராய் இறங்கும். மேலே போட்டிருந்த கம்பிவலை ஒரு மூலையில் பிய்ந்து கிடந்தது. அதன் வழியாகத் தண்ணீர்ச் சொம்பைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால், கொஞ்ச நேரத்தில் பானைத் தண்ணீரெல்லாம் தோற்றுப்போகும், அப்படி ஒரு ஜில்லு. வலையில் காதை வைத்தால் அடியில் எங்கேயோ தக், தக் என்று கேட்கும். அது என்ன என்று அப்பாவின் தங்கையைக் கேட்டேன். "உங்க மாமா மூச்சு வுடறாருடி" என்று சிரித்தாள் அத்தை. அவள் புருஷன் அந்தக் குழிக்கு நேர் கீழே இருந்த சுரங்கத் தட்டில், லெவல் என்பார்கள், அங்கேதான் ஷிப்ட் பார்த்தார்.

ஒரு நாள் அந்த லெவல் சரிந்தது. எங்கள் வீட்டு ஏனங்கள் தானாய் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. மற்றவர்கள் ஆள் ஏற்றி இறக்கும் கேஜில் ஏறி வந்துவிட்டார்கள். மாமா வரவில்லை. தோண்டுகிறோம், உயிரோடு இருக்கலாம் என்றார்கள் சுரங்கத்து அதிகாரிகள்.

அத்தை அழவில்லை. விடிந்ததும் சுரங்க வாசலில் போய் நின்றுகொள்வாள். போகும்போது ஒரு சொம்பு மோரை என்னிடம் கொடுத்து, பகல் சங்கு ஊதியதும் குழியில் இறக்கச் சொல்வாள். கயிற்றோடு கயிறு முடிந்து நீளமாக்கி வைத்திருந்தாள். "மாமா மூச்சு வுடறாரா கேட்டுட்டு எறக்கு" என்பாள். இப்போது சிரிக்கவில்லை. தக், தக் என்று கேட்கும். நான் இறக்குவேன். தினமும் சொம்பு காலியாய் மேலே வரும். மாமா குடித்துவிட்டார் என்று லைன் முழுக்கச் சொல்லிப் பெருமையடிப்பேன். வழியில் எந்தப் பாறையில் இடித்துக் கவிழ்ந்ததோ, அந்த வயசில் யார் கண்டது.

பன்னிரண்டாம் நாள் வெயில் மண்டையைப் பிளந்தது. மோரை நானே குடித்துவிட்டேன். காலிச் சொம்பைத்தான் இறக்கினேன். காதை வைத்தால் சத்தமே இல்லை. மாமா தூங்குகிறார், நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்தேன். கயிறு பாதியிலேயே தொய்ந்தது. இழுத்தால் கை நோகிற கனம்.

சொம்பு நிறையத் தண்ணீர். செம்மண் நிறம். அந்த ஜில்லென்ற குழியிலிருந்து வெதவெதவென்று வந்திருந்தது, யாரோ வாயில் வைத்திருந்து உமிழ்ந்த மாதிரி.

அந்த நேரம் பார்த்து அத்தை திரும்பி வந்தாள். வாசலில் அவளுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

"இன்னாடி, மூஞ்சி வெளுத்துக் கெடக்குது?"

"மோர நான் குடிச்சிட்டேன் அத்தை. மாமா கோச்சிக்கினு தண்ணி அனுப்பிட்டாரு."

அவள் சொம்புக்குள் விரலை விட்டாள். பிறகு வலையில் காதை வைத்து வெகு நேரம் படுத்திருந்தாள்.

"எப்போலேர்ந்து சத்தம் இல்ல?"

"சங்கு ஊதறப்பவே இல்ல."

அந்தச் சத்தம் சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை இறைக்கிற பம்ப்பு; அது நின்றால் கீழே எல்லாம் மூழ்கிவிடும். கீழே ஆள் உயிரோடு இருப்பான் என்ற நம்பிக்கை இருக்கும்வரை அதை நிறுத்தமாட்டார்கள் என்பது லைனில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். எனக்குத் தெரியாது.

அத்தை எழுந்து உட்கார்ந்து, கொண்டையை அவிழ்த்து, அந்தத் தண்ணீரைத் தன் தலையில் ஊற்றிக்கொண்டாள். வெயிலுக்கு ஊற்றிக்கொள்கிறாள் என்று நினைத்து, "எனக்கும் அத்தை" என்றேன். என்னைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். மிச்சத்தை என் தலையில் ஊற்றினாள்.

கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சொட்டச் சொட்ட நின்ற எங்கள் இரண்டு தலைகளையும் பார்த்ததும் முறம் அவள் கையிலிருந்து நழுவியது.

"யார் வந்து சொன்னது?" என்று அத்தையைக் கேட்டாள்.

அத்தை என்னைக் காட்டினாள்.

மோர் திருடியதைப் போட்டுக் கொடுக்கிறாள் என்று நினைத்து, நான் அடிக்குத் தயாராய்க் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.