அம்மாவைப் பற்றிய ஒரு வரி

நேர்முகத் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கக் கல்லூரிக்கு வந்தவர் எங்கள் எல்லோருக்கும் ஒரே தாளைத்தான் கொடுத்தார். பெயர், ஊர், அப்பாவின் தொழில் என்று நாங்கள் நிரப்ப வேண்டிய இடங்களில் கோடு போட்டிருந்தது. அம்மாவுக்குக் கோடே இல்லை. ‘மை மதர் இஸ் எ ஹோம்மேக்கர்’ என்று அச்சிலேயே இருந்தது. நான் எழுந்து, என் அம்மா ஜவ்வரிசி மில்லில் மரவள்ளிக்கிழங்கு உரிக்கிறார், அதை எப்படிச் சொல்வது என்று கேட்டேன்.

“அதெல்லாம் எதுக்கும்மா? இருக்கறதையே சொல்லிட்டுப் போ” என்றார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தாலுகா ஆபீஸில் முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கிய அன்று, அது மடங்கிவிடக் கூடாதென்று நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பஸ்ஸில் நின்றே வந்தவள். அப்படிப்பட்டவள் அந்த ஒரு வருஷத்தில் ஐந்து கம்பெனிகளில் தோற்றிருந்தேன். ஆறாவதுதான் கடைசி. அதற்குப் பிறகு எங்கள் கல்லூரிக்கு யாரும் ஆள் எடுக்க வரப்போவதில்லை.

மாமா தன் மகனுக்கு என்னைக் கேட்டிருந்தார். மாமன் மகன்மேல் எனக்குக் குறை ஒன்றுமில்லை. ஆனால் அந்த வீட்டுக்கு வாழப்போன பெண்கள் யாரும் வேலைக்குப் போனதில்லை. வேலை கிடைக்கட்டும் என்று சொல்லியே தள்ளிப்போட்டு வந்தேன். “வேலை கெடைச்சா போ. இல்லீன்னா தை பொறந்ததும் பூ வெச்சுக்கலாம்” என்றார் அப்பா. “சரிங்கப்பா” என்றேன். எப்படியும் கிடைத்துவிடும் என்ற திமிரில் சொன்ன சரி அது.

காலையில் வீட்டில் நடந்துகொண்டே அந்தத் தாளை மனப்பாடம் செய்வேன். அம்மா தூக்குப்போசியில் சோறு போட்டபடி கேட்டுக்கொண்டிருப்பாள்.

“அதுல என்னையப் பத்தி வருதா சாமி?”

“வருதும்மா. ஊட்டுல இருக்கறவங்கன்னு வருது.”

அவள் சிரித்தாள். “நான் எப்ப ஊட்டுல இருந்தேன்? உன்னையத் தொட்டல்ல போட்டுட்டுக் கெழங்கு உரிக்கப் போனவ.” கத்தியைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு, “செரி, அதுதான் நல்லாருக்குதுன்னா அதையே சொல்லு” என்றாள்.

தேர்வு சேலத்தில், வேறொரு கல்லூரியில். அம்மா மில்லுக்கு லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தாள். எனக்கு அதில் விருப்பமில்லை என்பதை இப்போது எழுதிவிடுகிறேன். வேப்பமரத்தடியில் பெற்றோர்கள் உட்கார்ந்திருந்தார்கள். என் முறைக்காக நான் நின்ற ஜன்னலுக்கு அவர்கள் பேச்சு கேட்டது.

“நீங்க வேலைக்குப் போறீங்களா?” என்று பக்கத்திலிருந்த பெண் அம்மாவிடம் கேட்டாள்.

அம்மா இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். “இல்லீங்க. ஊட்டுல சும்மாதானுங்க இருக்கறேன்.”

“குடுத்து வெச்சவங்க” என்றாள் அந்தப் பெண். அம்மா தலையாட்டினாள்.

கிழங்குப் பால் பட்டுப்பட்டு அம்மாவின் நகக்கண்களெல்லாம் கறுத்துக் கிடக்கும். அன்று விடியற்காலையில் அவள் புளி போட்டு அவற்றைத் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ஏனென்று அப்போது நான் கேட்கவில்லை. அந்தப் பொய்யை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது நான்தான்.

உள்ளே ஒரு பெண்ணும் ஓர் ஆணும் இருந்தார்கள். தாளில் இருந்ததைத் தடுமாறாமல் ஒப்பித்தேன். அந்தப் பெண் ஆங்கிலத்தில் கேட்டார்: “உங்கள் அம்மாவுக்கு ஒரு நாள் எப்படிப் போகும்?”

அதற்குத் தாளில் வரி இல்லை. அவர்கள் காத்திருந்தார்கள்.

“அவர் வீட்டில் இருப்பவர் இல்லை” என்றேன். பிறகு எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், வினைச்சொற்களின் காலமெல்லாம் முன்பின்னாகக் குழம்ப, சொல்ல ஆரம்பித்தேன். கிழங்கின் நீளத்துக்கு ஒரே கீறல். கட்டைவிரலை உள்ளே விட்டுத் திருப்பினால் சட்டைக்கையைக் கழற்றுவதுபோலத் தோல் முழுசாக வந்துவிடும். அவசரப்பட்டால் சதையும் சேர்ந்து போகும். கைகளாலேயே செய்து காட்டினேன். ஆண் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“முதலில் ஏன் வேறு மாதிரி சொன்னீர்கள்?” என்று அந்தப் பெண் கேட்டார்.

“பயம்” என்றேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் பட்டியல் ஒட்டினார்கள். மூன்று முறை படித்தேன். என் பெயர் இல்லை.

ஊருக்குத் திரும்பும் பஸ் ஆட்டையாம்பட்டியைத் தாண்டியது. பிறகு அம்மா கேட்டாள்: “என்னையப் பத்திக் கேட்டாங்களா?”

“கேட்டாங்க. மில்லுக்குப் போறாங்கன்னு சொல்லிட்டேன்.”

மடியில் கிடந்த தன் கைகளையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். “அதனாலதான் உன்னைய எடுக்காம உட்டாங்களா சாமி?”

“இல்லம்மா. எனக்கு இங்கிலீசு பத்தல” என்றேன். அது உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வீட்டுக்குப் போனபோது அப்பா போனில் மாமாவோடு பேசிக்கொண்டிருந்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. “கெடைக்கலியாட்டம் இருக்குதுங்க. தையிலயே வெச்சுக்கலாம்” என்றார். நான் போனைக் கேட்டு வாங்கினேன்.

“மாமா, வேண்டாங்க.”

“வேலைதான் கெடைக்கலியே கண்ணு, அப்பறமென்ன?”

“கெடைக்கலீங்க. கெடைக்காட்டியும் வேண்டாங்க.”

அதுவரை கல்யாணத்துக்கு நான் சொன்ன மறுப்பெல்லாம் வராத ஒரு வேலையின் தோளில் சாய்ந்தே நின்றது. அன்று சாய எதுவும் இல்லை. அப்பா திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. “அப்பறம் என்னதான் பண்ணப் போற?” என்று மட்டும் கேட்டார்.

“தெரியலீங்கப்பா.”

மறுநாள் காலையில் அம்மா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வாசலில் நின்று திரும்பினாள். அவள் குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்: “இனி யாராச்சும் கேட்டா நான் என்னன்னு சொல்லட்டும்?”

“மில்லுக்குப் போறேன்னே சொல்லும்மா.”

நம்பாமல் தலையாட்டிவிட்டு மில்லுக்கு நடந்தாள். எனக்குத்தான் அன்று போக இடமில்லை.