அவர் சொன்ன சாலை

பணிமனையில் அவருக்குப் பட்டப்பெயர் கதைக்காரர். மலைக்கு அந்தப் பக்கமுள்ள துறைமுக ஊருக்குப் போகிற பேருந்தை வெகுகாலமாக ஓட்டிக்கொண்டிருந்தார். காலையில் கிளம்பினால் மறுநாள் சாயங்காலம்தான் வீடு. வந்து கைகால் கழுவியதும் மனைவியின் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார். அவள் பள்ளிச் சீருடைகளுக்கு ஓரம் அடித்தபடியே, "ம், சொல்லுங்க. இன்னைக்கு எங்கெல்லாம் போனோம்?" என்பாள். 'போனீங்க' இல்லை, 'போனோம்'.

அவர் ஆரம்பிப்பார். "ஆறு இருக்கே, அது நம்மகூடவே ஓடி வரும். பாலம் வந்ததும் ஏதோ கோவிச்சுக்கிட்ட மாதிரி மூஞ்சியத் திருப்பிக்கிட்டு அந்தப் பக்கம் போயிடும். அதுக்கப்புறம் ரெண்டு பக்கமும் மரம். மேல கிளையெல்லாம் கோத்துக்கிட்டு நிக்கும். பட்டப்பகல்லயே லைட்டைப் போட்டுக்கிட்டுதான் போகணும். அதைத் தாண்டுனா ஒரு டீக்கடை. கடைக்காரருக்குக் காது சுத்தமாக் கேக்காது. ஆனா பெஞ்சு அதிர்றத வச்சே நம்ம வண்டி வருதுன்னு கண்டுபிடிச்சு, பாலை அடுப்புல ஏத்திடுவாரு."

ஊசி ஓடிக்கொண்டே இருக்கும். நல்ல இடம் வந்தால் மட்டும் அவள் கால் நின்றுவிடும். அது நிற்பதற்காகவே அவர் சொல்வார்.

"என்னையும் ஒருதரம் கூட்டிட்டுப் போங்களேன்" என்று அவள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள்.

"அந்தக் குலுக்கல்ல உன் இடுப்பு என்னத்துக்கு ஆகும்? நான்தான் எல்லாத்தையும் கொண்டுவந்து கொட்டுறேனே."

இடுப்பு ஒரு சாக்கு. அவளும் வந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டால், அப்புறம் சாயங்காலம் வந்து சொல்ல என்ன இருக்கும் என்ற பயம்தான் அவருக்கு. அதை அவர் அன்றைக்குத் தன்னிடம்கூட ஒப்புக்கொண்டதில்லை.

அப்புறம் காலம் கெட்டது. முதலில் செய்தியாக வந்த சண்டை பிறகு புகையாகவே தெரிந்தது. ஒருநாள் பாலத்தருகே துப்பாக்கியோடு நின்றவர்கள் பேருந்தை மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். அன்று பணிமனைக்குள் நுழைந்த வண்டி மாதக்கணக்கில் வெளியே வரவில்லை. ஊரடங்கு என்றார்கள். கதைக்காரர் வீட்டோடு கிடந்தார்.

கல்யாணமாகி அத்தனை வருஷம் கழித்து அப்போதுதான் தன் வீட்டைப் பகலில் முழுசாகப் பார்த்தார். முன்னறைக்குள் வெயில் ஒரு கீற்றாகத்தான் வரும். சன்னலோரம் விழுந்து, மெல்ல நகர்ந்து, சுவரில் ஏறி மறைந்துவிடும். மெஷினை இழுத்து இழுத்து அவளும் அதன் பின்னாலேயே போனாள். சன்னலிலிருந்து சுவர் வரைக்கும். நான் மலையைச் சுற்றிக்கொண்டிருந்த காலமெல்லாம் இவள் போன தூரம் இவ்வளவுதானா என்று நினைத்தார்.

"வழி திறக்கட்டும். முதல் வண்டியிலேயே நீ வர்ற" என்றார்.

"இப்பவா? இத்தனை வயசுக்கு மேலயா?" என்று சிரித்தாள். ஆனால் அன்றைக்கே நல்ல புடவையை எடுத்து மடிப்பு நீவி வைத்தாள்.

வழி திறந்தது. முன் சீட்டில் அவளை உட்கார வைத்துக் கிளம்பினார். வாயால் விசிலடிப்பதால் விசில் என்றே பெயர் பெற்றுவிட்ட கண்டக்டர், "அண்ணிக்கு டிக்கெட் கிடையாது, பாட்டுதான்" என்று ஒரு சீட்டி அடித்தான். எல்லாரும் சிரித்தார்கள்.

ஆறு கூடவே வந்தது. பாலத்தில் திரும்பியும் கொண்டது. "அட, ஆமா" என்று அவள் குழந்தைபோல் எட்டிப் பார்த்தாள்.

பாலத்துக்கு அப்புறம் மரங்களைக் காணோம். மறைவில் யாரும் பதுங்கிவிடக் கூடாது என்று, கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெட்டித் தள்ளியிருந்தார்கள். அடிக்கட்டைகள் மட்டும் வெயிலில் வரிசையாக நின்றன. டீக்கடை இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை கிடந்தது. அவர் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தார். காது கேட்காதவருக்கு எதற்கு ஹாரன் என்பது அடித்த பிறகுதான் உறைத்தது. யாரும் வரவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் அவள் தணிந்த குரலில் கேட்டாள். "ஏங்க, அதெல்லாம் நெசமாவே நீங்க சொன்ன மாதிரிதான் இருந்துச்சா?"

அவர் பின்னால் குரல் கொடுத்தார். "டேய் விசில், நீ சொல்லுடா. இங்க மரம் எப்படி இருந்துச்சு?"

விசில் தலையைச் சொறிந்தான். "எனக்கு எங்கண்ணே தெரியும்? நான் எப்பவும் ஜனங்களப் பாத்துக்கிட்டுதான நிக்கிறேன். ரோட்டுக்கு முதுகுதான் காட்டியிருக்கேன். இருட்டா இருக்கும், அது மட்டும் ஞாபகம்."

அவள் சட்டென்று, "இருந்திருக்கும். நீங்க சொன்னா இருக்கும்" என்றாள். விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி அவ்வளவு மரியாதையாக அவள் அவரிடம் பேசியதே இல்லை. அது அவரை இன்னும் சுட்டது. கிளைகள் உண்மையிலேயே கோத்துக்கொண்டுதான் நின்றனவா, அல்லது அவள் கால் நிற்பதற்காக அவர்தான் கோத்துவிட்டாரா? யோசிக்க யோசிக்க அவருக்கே பிடிபடவில்லை. கூட இன்னொரு ஜோடிக் கண் இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.

துறைமுக ஊரில் இறங்கியதும் கடல். அவள் மதில் ஓரமாக நின்று வெகுநேரம் பார்த்தாள். "இவ்வளவு பெருசு இருக்கு. இதப் பத்தி நீங்க ஒருநாளும் சொன்னதே இல்லையே?"

"வந்ததும் டிரைவர் ரூம்ல படுத்துடுவேன். எந்திரிச்சா திரும்புற நேரம் ஆயிடும்" என்றார். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது.

திரும்பி வந்த பிறகு அவள் இடுப்பு நிஜமாகவே பிடித்துக்கொண்டது. மறுபடி அவளால் வர முடியவில்லை. ஓய்வு பெறும் வரை அவர் அதே வழியில் ஓட்டினார். சாயங்காலம் வீட்டில் மழை பெய்ததையும் டயர் பஞ்சரானதையும் மட்டும் சொன்னார். அவளும் அதற்கு மேல் கிண்டிக் கேட்கவில்லை.

கடைசி நாளன்று பணிமனை வாசலில் விசில் கேட்டான், "என்னண்ணே, கதைக்காரரு ஒண்ணும் சொல்லாம போறீங்க?"

காலியாக நின்ற பேருந்தை அவர் திரும்பிப் பார்த்தார். "கல்யாணமான புதுசுல பாதி நாள் வண்டி ஆளே இல்லாமதாண்டா போகும். உங்க அண்ணி உக்கார அவ்வளவு இடம் கிடந்துச்சு."