அறை காலி

இதை நம்புங்கள் என்று யாரிடமும் கெஞ்சப் போவதில்லை. மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள் நான். பேய் பிசாசு என்று கதை கட்ட எனக்கு நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். அந்த மனிதர் இப்போதும் பக்கத்து அறையில்தான் இருக்கிறார் என்பதால் கொஞ்சம் மெதுவாகச் சொல்கிறேன்.

என் கணவருக்கு இரண்டு பைத்தியம். விண்வெளிக் கதைகள் ஒன்று, புதுப்புதுக் கருவிகள் இன்னொன்று. வீட்டை அவர் வீடு என்று சொன்னதே இல்லை. 'கப்பல்' என்பார். அவர் கேப்டனாம். தரை பெருக்கும் ரோபோ கட்டிலுக்கடியில் மாட்டிக்கொண்டால் டார்ச்சைத் தூக்கிக்கொண்டு 'மீட்புப் பணி'க்கு இறங்குவார். இரண்டு பாத்திரம் கழுவித் தாருங்கள் என்றால் மட்டும் கேப்டன் காதில் விழாது.

விளக்கு, மின்விசிறி, வாசல் பூட்டு எல்லாம் கப்பல் பொறுப்பு. ஒவ்வோர் அறையின் கூரையிலும் சோப்பு டப்பா அளவில் ஒரு வெள்ளை சென்சார். ஆள் இருந்தால் விளக்கும் விசிறியும் ஓடும். இல்லாவிட்டால் ஒரு பெண் குரல் "அறை காலி" என்று சொல்லி எல்லாவற்றையும் அணைத்துவிடும்.

"இது கேமரா இல்ல. மூச்சு விடறப்ப நெஞ்சு ஏறி இறங்குது பாரு, அதைக்கூடக் கண்டுபிடிச்சிரும்" என்று பெருமையடித்துக்கொள்வார்.

மாமனார் எங்களோடு இருந்தார். பக்கவாதம் வந்து படுத்த படுக்கை. பேச்சு மட்டும் குழறலாக மிச்சமிருந்தது.

சென்சாரை மாட்டியதும் வெறும் அறை எப்படி இருக்கும் என்று அதற்குப் பாடம் சொல்லித்தர வேண்டும். பத்து நிமிடம் உள்ளே யாரும் இருக்கக் கூடாது. மற்ற அறைகளுக்கெல்லாம் கணவர் என்னை வெளியே துரத்திவிட்டு முறையாகச் செய்தார். மாமனாரைத் தூக்கி நாற்காலியில் வைக்க இரண்டு பேர் வேண்டும். அன்று நான் கடையில் இருந்தேன். "அவர் என்ன எழுந்து ஓடவா போறார்" என்று அவரைப் படுக்கையிலேயே விட்டுவிட்டுப் பாடத்தை முடித்திருக்கிறார்.

மூச்சைக்கூடக் கண்டுபிடிக்கிற கருவி அந்த மூச்சையும் சேர்த்துப் படித்துக்கொண்டது. கட்டிலில் ஒரு கிழவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் அந்த அறையில் யாரும் இல்லை என்று கணக்கு.

அன்றிலிருந்து அவர் தலைக்கு மேல் விளக்கு அணைந்துகொண்டே இருந்தது. விசிறி நின்றது. நான் போய்ப் போய்ப் போட்டுவிட்டு வருவேன். "நான் இருக்கேம்மா... அதுகிட்ட சொல்லும்மா" என்பார் மாமனார். கணவரிடம் தினமும் சொன்னேன். "ஞாயித்துக்கிழமை பாத்துடறேன்" என்பது ஒன்றுதான் பதில். ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன. கூடவே ஏதாவது பார்சலும் வந்தது.

கோடையில் ஒரு நாள், கடை முடிந்து நான் வந்தபோது அந்த அறை இருட்டாக இருந்தது. விசிறி நின்றிருந்தது. விரிப்பு வியர்வையில் நனைந்து கிடந்தது. மாமனார் போய்விட்டிருந்தார். அடுத்த அறையில் அவர் பெற்ற பிள்ளை, காதில் ஹெட்போனோடு ஏதோ கிரகத்தில் இறங்கிக்கொண்டிருந்தார். உலுக்கிச் சொன்னேன்.

"கப்பல் ஒண்ணும் சொல்லலையே" என்றார்.

அப்பா செத்ததைக் கேட்டதும் அவர் வாயில் வந்த முதல் வார்த்தை அதுதான். அதற்கு மன்னிப்பு என்னிடம் இல்லை.

எல்லாம் முடிந்து, வந்த உறவுக்காரர்கள் கிளம்பிப் போன அன்று. மாலை 6.40. மாமனார் அறையில் விளக்கு எரிந்தது. விசிறி சுற்றத் தொடங்கியது.

"ஒருவர் இருக்கிறார்" என்றது கப்பல்.

என் கையிலிருந்த துணிக்கூடை நழுவி விழுந்தது. கணவர் சிரித்தார்.

"பயப்படாத. அப்பா இருந்தா காலின்னு அது படிச்சு வெச்சிருக்கு. இப்ப அப்பா இல்ல. அதனால யாரோ வந்திருக்காங்கன்னு நினைக்குது."

"இதச் சொல்ல உங்களுக்குச் சிரிப்பு வருதா?"

சிரிப்பு நின்றது. பழைய பாடத்தை இப்போதே அழித்துவிட்டுப் புதிதாகச் சொல்லித்தருகிறேன் என்றார். இந்த முறை எல்லாம் ஒழுங்காக நடந்தது. கட்டிலை இழுத்துக் கூடத்தில் போட்டோம். இரண்டு பேரும் தெருவுக்கு வந்தோம். வாசல் தானாகப் பூட்டிக்கொண்டது. அவர் போனில் பாடத்தைத் தொடங்கினார்.

திரையில் எழுத்து வந்தது. 'அறையில் ஆள் இருக்கிறார். வெளியேறச் சொல்லவும்.'

"அழிச்சாச்சே..." என்று முணுமுணுத்தார். மறுபடி தொடங்கினார். அதே எழுத்து. மூன்றாவது தடவையும் அதேதான்.

"பல்லியா இருக்கும்."

"பல்லியப் பாத்தா ஆள்னா சொல்லும்?"

போனை என் கையில் திணித்தார். "இதப் பாத்துக்கிட்டே இரு. உள்ள போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."

கதவு அவருக்குத் திறந்தது. பின்னாலேயே மூடிக்கொண்டது.

தெருவைப் பார்த்த மாமனார் அறை ஜன்னல் திரையில் அவர் நிழல் தெரிந்தது. போனைப் பார்த்தேன்.

'இருவர் இருக்கிறார்கள்.'

"ஏங்க, வெளிய வாங்க" என்றேன். நிழல் திரும்பியது. கையை ஆட்டியது போல இருந்தது...

'ஒருவர் இருக்கிறார்.'

நிழல் அங்கேயேதான் நின்றது.

'அறை காலி. படிக்கிறேன்.'

விளக்கு அணைந்தது.

ஓடிப்போய் வாசல் பூட்டில் விரலை வைத்தேன். சிவப்பு. மறுபடி வைத்தேன். சிவப்பு. உள்ளங்கையால் அடித்தேன்.

உள்ளே சத்தமே இல்லை.

பிறகு... கிறீச்.

யாரோ கட்டிலில் புரண்டு படுக்கிற சத்தம். அந்த அறைக்குள்ளிருந்துதான் வந்தது.

கட்டில் கூடத்தில் கிடந்தது.

கிறீச்...

7.31. 'முடிந்தது.'

கதவு திறந்தது. அவர் நின்றுகொண்டிருந்தார். சட்டை முழுக்க வியர்வை.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா."

என்னை அவர் அதுவரை 'அம்மா' போட்டுப் பேசியதே இல்லை.

அன்றிலிருந்து கப்பல் அவரைக் கணக்கில் எடுக்கவில்லை. அவர் உட்கார்ந்திருக்கும்போதே "அறை காலி" என்று விளக்கை அணைக்கும். ஒரு பல்பு மினுக்கினால்கூட ஏணி போட்டு ஏறுகிற மனிதர், இருட்டில் அப்படியே உட்கார்ந்திருப்பார். ஸ்க்ரூடிரைவரைத் தொடவே இல்லை. விண்வெளியும் போயிற்று. நானே ஏணி போட்டு ஏறி ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் குப்பையில் போட்டேன். சாதாரண சுவிட்சு உள்ள வேறு வீட்டுக்குக் குடிவந்தோம்.

அதோடு தீரவில்லை. பெரிய கடைகளின் கண்ணாடிக் கதவு அவருக்குத் திறப்பதில்லை. லிஃப்ட் கதவு அவர் தோளிலேயே வந்து இடிக்கிறது. கை நீட்டினால் தண்ணீர் கொட்டுகிற குழாய்களில் அவர் கையை நீட்டியபடி பொறுமையாக நிற்பார். நான் பக்கத்தில் போய்க் கையை வைத்தால்தான் தண்ணீர் வரும். முதல் தடவை எனக்கே சிரிப்பு வந்தது. இப்போது அவரைக் கடைக்குக் கூட்டிப் போவதை நிறுத்திவிட்டேன்.

போன வாரம் பழைய வீட்டில் குடியிருக்கிற டீச்சர் போன் செய்தார்.

"தப்பா நினைக்காதீங்க. இருட்டினா அந்தத் தெருப்பக்கத்து ரூம்ல யாரோ பேசற மாதிரி இருக்கு. உங்க மாமனார் அங்கதான் தவறிட்டாருன்னு சொன்னாங்க..."

"வயசானவர் குரலா?"

"இல்லங்க. அப்படின்னா நான் கேட்டிருக்கவே மாட்டேன். நடுவயசு ஆம்பளக் குரல். தெளிவாத்தான் கேக்குது. 'வாத்து, கதவத் திற'ங்குது. அதையே திரும்பத் திரும்பச் சொல்லுது. யாருங்க அது வாத்து?"

கல்யாணமான புதிதில் என் நடையைப் பார்த்து என் கணவர் வைத்த பெயர் அது. எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. அந்த மாலைக்குப் பிறகு அந்தப் பெயரை நான் கேட்கவே இல்லை.

போனைக் காதில் வைத்தபடி நின்றேன். பக்கத்து அறையிலிருந்து குரல் வந்தது. வார்த்தைகள் லேசாகக் குழறின.

"யாரும்மா போன்ல?"

"ராங் நம்பர்" என்றேன்.