மீதி ஒன்று

பழைய வண்டிகளை உடைத்துத் துண்டுபோடும் பட்டறையில் அவனுக்கு 'வகுத்தல்' என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை ஒரு நீதிபதி மட்டும் இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறார். இரண்டாம் முறை, "இனி ஒரு தடவ கை நீட்டினா ஆயுசுக்கும் உள்ளதான்" என்றும் சேர்த்துச் சொன்னார்.

சும்மா சொல்லக்கூடாது, கை அப்படிப்பட்ட கை. பேருந்தில் காலை மிதித்தவனின் தாடையைப் பெயர்த்த கை. பெற்ற அப்பனையே கதவோடு சேர்த்து அறைந்த கை. அதைக் கட்டிப்போடச் சிறையில் அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். கோபம் தலைக்கேறினால், கண்ணில் படும் எண்ணை இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு என்று பகா எண்களால் வரிசையாக வாய்விட்டு வகுப்பான். மீதியில்லாமல் வகுபடும்வரை கை கீழேதான். முக்கால்வாசி எண்கள் ஏழுக்குள் உடைந்துவிடும், கோபமும் கூடவே இறங்கிவிடும். இப்படியே ஆறு வருடம் ஒருவனையும் தொடவில்லை.

புருஷனை விட்டு வந்த தங்கை ஒரு மாதமாக அதே பட்டறையில் செம்புக்கம்பி உரித்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் சாப்பிடப் போன மதியவேளையில் அந்தப் புருஷன் உள்ளே வந்தான்.

"சொல்லாம கொள்ளாம ஓடி வந்துட்டா விட்டுருவனா?" என்று அவள் முடியைப் பிடித்து லாரிக் கதவில் மோதினான்.

வகுத்தல் சம்மட்டியை இறுகப் பிடித்தான். எதிரே கழற்றிப் போட்ட எஞ்சின். அதில் பொறித்திருந்த எண் 510511.

"ரெண்டு... மீதி ஒன்னு. மூணு... மீதி ஒன்னு."

"அண்ணா!"

"அஞ்சு... ஒன்னு. ஏழு... ஒன்னு."

என்ன எழவு எண்ணடா இது! பதினொன்றுக்கும் ஒன்று. பதின்மூன்றுக்கும் அதே ஒன்று. தங்கை தரையில் கிடந்தாள், உதை நிற்கவில்லை. பதினேழு. மறுபடியும் ஒன்று.

போதும் என்று எண்ணை விட்டான். முதல் அடியில் மாப்பிள்ளையின் தோள் நொறுங்கியது. இரண்டாவதில் முழங்கால். மூன்றாவது அடிக்குப் பிறகு அவன் அசையவே இல்லை.

உள்ளே வேறென்ன வேலை? மூன்றாம் நாள், சுவரில் கீறி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். பத்தொன்பது. ஈவு 26869, மீதி சுத்தமாக இல்லை! அப்புறம்தான் சங்கதி பிடிபட்டது. அவன் போட்டுப் பார்த்த ஏழு எண்களையும் ஒன்றோடொன்று பெருக்கினால் 510510. எஞ்சின் எண் அதைவிட ஒன்று கூட. அந்த ஏழில் எதைப் போட்டாலும் மீதி ஒன்றுதான் வந்திருக்கும். தலையைச் சுவரில் மோதிக்கொண்டான்.

தங்கை பார்க்க வந்தபோது கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான். "அடுத்ததுலயே உடைஞ்சிருக்கும்மா. இன்னும் ஒரே ஒரு வகுத்தல். பாவி, பொறுக்காமப் போயிட்டேன்."

அவள் வாயை மறைத்திருந்த கையை எடுத்தாள்.

"நீ எண்ணினது எனக்கும் கேட்டுச்சுண்ணா. ஏழுல முன்பல்லு போச்சு. பதிமூணுல ஒரு காது போச்சு. பதினேழ மிச்சக் காதாலதான் கேட்டேன். நீ ரெண்டுலயே வந்திருக்கணும்."