பெட்டிக்குப் போட்ட கம்பளித் தொப்பி

டிக்கோயாவைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களுக்குப் போய்க் கல்யாணப் பொண்ணுகளுக்கு அலங்காரம் செய்வது என் தொழில். கூடவே என் அண்ணன் மனைவியும் வருவார். சேலை கட்டுவது அண்ணி. முகமும் முடியும் நான். பெற்றோலுக்கு எல்லோரும் வரிசையில் நின்ற காலத்தில், கொட்டகலையில் ஒருவரிடம் பழைய எலக்ட்ரிக் பைக் ஒன்றை வாங்கினேன். சத்தமில்லை, புகையில்லை. அண்ணியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போகும்போது, கொழுந்து எடுக்கிறவர்கள் நிமிர்ந்து பார்த்துக் கையசைப்பார்கள்.

மழை பிடித்த பிறகுதான் தொல்லை தொடங்கியது. சமமான ரோட்டில் ஜோராகப் போகும். ஏற்றத்தில் கொஞ்ச தூரம் போனதும் வலு குறைந்து, ஊர்ந்து, நின்றே விடும். ஓரமாகச் சற்று நேரம் விட்டுவைத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி கிளம்பும். அட்டனில் ஒரு கராஜில் காட்டினேன். பேட்டரி நன்றாக இருந்தது, டயரில் காற்றும் சரி. “பாரம் கூடிப்போச்சு போல” என்று சொல்லிவிட்டு கராஜ்காரர் அண்ணியை ஒரு பார்வை பார்த்தார். அண்ணி அன்று மத்தியானம் சோறே தொடவில்லை. சாயந்தரம் அதற்கும் சேர்த்துச் சாப்பிட்டார்.

அப்படி இருக்கும்போதுதான் மஸ்கெலியாப் பக்கம் ஒரு கல்யாணம் வந்தது. காலையிலேயே முகூர்த்தம், கோயிலில் தாலி. பொண்ணு வீடு மேல் பிரிவு லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில். விடிந்ததும் அலங்காரப் பெட்டியோடு இருவரும் கிளம்பினோம். தோட்டத்து ரோடு பிரிகிற இடத்துக்குச் சற்று முன்னால், மெயின் ரோட்டு ஏற்றத்தில் பைக் நின்றுவிட்டது. முகூர்த்த நாள்; ஓர் ஆட்டோவும் கண்ணில் படவில்லை. பொண்ணு வீட்டிலிருந்து போன் மேல் போன்.

“வந்துட்டோம், பக்கத்துலதான் இருக்கோம்” என்று அண்ணி சொல்லிக்கொண்டே இருந்தார். பொய்யில்லை. பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தோம்.

எனக்கு அழுகை வரும்போல இருந்தது. அழுதால் நேரம் போகும் என்று, பைக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். பேட்டரி இருக்கும் இடம் சில்லென்று இருந்தது. சீட்டுக்கு அடியில் கை வைத்தேன், வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். தோசைக்கல் மாதிரிச் சூடு. அங்கேதான் கண்ட்ரோலர் பெட்டி இருக்கிறது. பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகிற கரண்டை அளந்து விடுவது அதுதான். அளவுக்கு மீறிச் சூடானால், தான் கருகிவிடாமல் இருக்க அதுவே கரண்டைக் குறைத்துவிடும் என்று போனில் ஒரு வீடியோவில் பார்த்திருந்தேன். மூடியைக் கழற்ற ஸ்குரூ டிரைவர் இல்லை. அண்ணி தன் பையிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்து நீட்டினார்.

அந்த நேரம் ஒரு பஸ் வந்து பக்கத்தில் நின்றது. மாப்பிள்ளை வீட்டு பஸ். எங்கள் அலங்காரப் பெட்டியைப் பார்த்ததும் பட்டு வேட்டியோடு மாப்பிள்ளையே குதித்து இறங்கினார்.

“அக்கா, நீங்க இங்க இருந்தா பொண்ண யாரு ஜோடிக்கிறது?”

“அதைத்தான் தம்பி நாங்களும் யோசிக்கிறோம்” என்றார் அண்ணி.

பஸ்ஸில் ஏற்றிக்கொள்ளலாம் என்றால், அந்தத் தோட்டத்து வளைவுகளில் பஸ் திரும்பாது. மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார். மூடியைக் கழற்றினோம். உள்ளே கண்ட்ரோலரே தெரியவில்லை. பொலித்தீன் பை ஒன்று கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. அதைப் பிரித்தால், உள்ளே என் மகளின் பழைய கம்பளித் தொப்பி.

வீட்டுக்காரருக்கு ஸ்பீக்கரில் போன் போட்டேன். “ஏங்க, பைக் சீட்டுக்கு அடியில நீங்க ஏதாவது செஞ்சீங்களா?”

“ஆமா, மழைத்தண்ணி போகாம நல்லாக் கட்டிவச்சேன்ல?” குரலில் அவ்வளவு பெருமை.

“தொப்பி எதுக்குங்க?”

“ஆடி அடிபடாம இருக்கட்டும்னுதான்.”

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். மாப்பிள்ளை தண்ணீர்ப் போத்தலைத் திறந்துகொண்டு வந்தார். “ஊத்திராதீங்க தம்பி!” என்று கத்தினேன். காற்றில்தான் ஆற வேண்டும். அவருடைய பெரியம்மா சீர்வரிசைத் தட்டு ஒன்றை எடுத்து வந்து விசிற ஆரம்பித்தார். அது ஆறும்வரை நான் பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தேன். லேசில் சுற்றவில்லை, பிரேக் உரசிக்கொண்டிருந்தது. பாதி பலம் அங்கேயே போயிருக்கிறது, மோட்டார் திணறத் திணறப் பெட்டியும் சூடாகியிருக்கிறது. பஸ் டிரைவர் ஸ்பேனர் கொடுத்தார். பிரேக் நட்டைக் கொஞ்சம் தளர்த்தியதும் சக்கரம் லேசாகச் சுற்றியது.

“நான் குறுக்குப் பாதையில ஏறிர்றேன், நீ மெதுவா வா” என்று அண்ணி சேலையைச் செருகிக்கொண்டு தேயிலைக்குள் நுழைந்துவிட்டார்.

மூடியைப் போடாமலே கிளம்பினேன். முறுக்கி ஓட்டவில்லை, வளைவுகளில் நிறுத்தி நிறுத்திப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இருந்தது, ஆனால் கை வைக்க முடிந்தது. கடைசி ஏற்றத்திலும் பைக் நிற்கவில்லை. லயத்து வாசலில் போய் இறங்கினால், அண்ணி எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்து பால் விடாத பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். மூச்சு மட்டும் இன்னும் வாங்கியது.

பொண்ணு எங்கள் இருவரையும் பார்த்து, “என் கல்யாணத்துக்கு நானே பவுடர் போட்டுக்க இருந்தேன்” என்றாள். அவசரத்தில் செய்தும் அன்றைக்கு முடி அலங்காரம் எனக்கே பிடித்த மாதிரி அமைந்தது. பூச்சரத்தைச் சுற்றிக்கொண்டே, கீழே ரோட்டில் மாப்பிள்ளை பைக் பழுது பார்த்த கதையைச் சொன்னேன். அவள் சிரித்துச் சிரித்துக் கண் மையைக் கரைத்துவிட்டாள். இன்னொரு தடவை போட வேண்டியதாயிற்று. தாலி முகூர்த்தத்துக்குள்ளேயே ஏறியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் கண்ட்ரோலரைச் சீட்டுக்கு வெளியே காற்றுப் படுகிற இடத்துக்கு மாற்றினார். மேலே மட்டும் மழை படாமல் ரப்பர்த் தகடு ஒன்று, பக்கமெல்லாம் திறப்பு. ஒரு வயர் முனை சூட்டில் உருகியிருந்ததையும் கண்டுபிடித்து மாற்றினார். இப்போது மஸ்கெலியா ஏற்றத்தில் அண்ணியையும் அலங்காரப் பெட்டியையும் சேர்த்தே ஏற்றிக்கொண்டு போகிறேன். அண்ணி மட்டும் அட்டன் போகும்போதெல்லாம் அந்தக் கராஜ் வாசலில் என்னை மெதுவாகப் போகச் சொல்லி, பின்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்கிறார்.