முதல் கேள்வி

போர் நடந்த நாட்டில் நான் செய்தியாளராக இருந்தபோது, போன் லைன் எந்த நிமிடமும் அறுந்துபோகும். அதனால் குண்டு விழுந்த ஊரிலிருந்து யார் கூப்பிட்டாலும் என் முதல் கேள்வி, எத்தனை பேர் என்பதுதான். லைன் தாக்குப்பிடித்தால் பெயர், வயது, ஊர். அழுகிறவர்களுக்கு ஆறுதல் சொல்ல நேரம் மிஞ்சியதே இல்லை. கெட்டிக்காரி என்று ஆபீசில் பெயர் வாங்கினேன். வெட்கக்கேடு, அதில் எனக்குப் பெருமை வேறு.

அந்த வேலையை விட்டு வருஷங்கள் ஆகின்றன. இப்போது கும்மிடிப்பூண்டியில் குடித்தனம். கணவருக்கு சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி தயாரிக்கும் கம்பெனியில் வேலை. லாரியிலிருந்து பழைய இரும்பைக் கொட்டும் சத்தத்துக்கு நான் தூக்கிவாரிப் போட்டு எழுவதைப் பார்த்து அவர் கிண்டல் செய்வார். எனக்கும் சிரிப்பு வந்துவிடும். போரிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது அவ்வளவுதான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

போன ஆடி மாதம் ஒரு காலை, தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். கணவரின் தம்பி போன் செய்தார். அவருக்கும் அதே கம்பெனிதான். மூச்சு வாங்க, இரும்பு உருக்கும் ஃபர்னஸ் வெடித்துவிட்டது என்றார்.

"எத்தனை பேரு?" என்றேன்.



"அண்ணன் உள்ள கீறாரு அண்ணி."

அதற்குள் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மணி ஒன்பது பத்து என்று எழுதியிருந்தேன். பேனாவை எப்போது எடுத்தேன் என்று இன்றுவரை தெரியாது.

ஆஸ்பத்திரியில் கணவர் இடது கை வெந்து, கட்டுப் போட்டுப் படுத்திருந்தார். அவர் பக்கத்தில் நின்று வேலை செய்தவர் இறந்துவிட்டார். நான் கட்டிலருகே போய், இறந்தவரின் பெயரைக் கேட்டேன். சொன்னார். வயது கேட்டேன். அதையும் சொன்னார். எந்த ஊர் என்றபோது ஊத்துக்கோட்டைப் பக்கம் என்று சொல்லிவிட்டு என்னையே பார்த்தார்.

"நான் எப்டி கீறேன்னு கேக்கவே இல்லியே நீ."

கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

கை ஆறி, மறுபடி வேலைக்குப் போகிறார். ஷிப்ட் முடிந்ததும் கம்பெனி கேட்டிலிருந்து போன் வரும். எப்படி இருக்கீங்க என்று கேட்பதற்கு, போனைக் கையில் வைத்துக்கொண்டு நான் தினமும் ஒத்திகை பார்க்கிறேன். எடுத்துக் காதில் வைத்ததுமே, இன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று அவர் முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறார்.