அக்கா புருஷன் திறந்துவிட்ட உலை

ஆஸ்திரேலியாவின் உருக்காலை நகரமான வல்லங்காங்கில் லியோனி ஸ்ட்ராஹனும் டார்க்கோ மிலெவ்ஸ்கியும் சேர்ந்து ஒரு கருவி கண்டுபிடித்தார்கள். உருக்கு உலையின் சுவர் உள்ளுக்குள் அரித்து உடையப்போவதை அது முன்கூட்டியே சொல்லிவிடும். பல்கலைக்கழக வேலையை உதறிவிட்டு இருவரும் கம்பெனி தொடங்கினார்கள். லியோனி ஏறி இறங்கிய ஆலைகளில் ஒருவரும் முகம் கொடுக்கவில்லை. கடைசியில் டார்க்கோவின் அக்கா புருஷன் சோரான்தான், தான் ஃபோர்மேனாக இருந்த உலையில் சோதித்துப் பார்க்க விட்டான்.

சோதனை தேறியது. சிட்னியிலிருந்து முதலீட்டாளர்கள் வந்தார்கள். டார்க்கோவின் முன்கோபம் அவர்களுக்கு ஒத்துவரவில்லை. அவனை விலக்கச் சொன்னார்கள். லியோனி அவனிடம் மூச்சுவிடாமல், அவனை விலக்கும் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் பட்டறைக் கதவை உதைத்துத் திறந்துகொண்டு வந்தான் டார்க்கோ. கையில் இரும்புக் குழாய்.

"எங்க அக்கா வீட்டுல உக்காந்து சாப்பிட்டியேடி! அந்தக் கையாலயேவா என்னை வெட்டிவிட்டே?"

முதல் அடி கருவியின் மேல் விழுந்தது. கண்ணாடி தெறித்தது. லியோனி குறுக்கே பாய்ந்தாள். அடுத்த அடி அவள் மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. இடக்கையில் அகப்பட்ட ஸ்பேனரால் அவன் நெற்றியில் ஓங்கிப் போட்டாள். அவன் சரிந்தான். வெறி அடங்கவில்லை, மறுபடியும் ஓங்கினாள். முகமெல்லாம் ரத்தமாகக் கிடந்தவன் தடுக்கக் கைகூடத் தூக்கவில்லை, கண்ணை மட்டும் இறுக மூடிக்கொண்டான். அவள் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு ஆம்புலன்சைக் கூப்பிட்டாள்.

ஆஸ்பத்திரிக்கு வந்த சோரான், தையல் போட்டிருந்த மச்சினனை முதலில் ஓர் அறை விட்டான்.

"பொம்பளை மேலயாடா கை வைக்கிறே, நாயே!" பிறகு லியோனியிடம் திரும்பினான். "உன் மெஷினை நம்பியா உலையைத் திறந்துவிட்டேன்? இவன் பொய் சொல்லமாட்டான்னு நம்பித் திறந்துவிட்டேன். இனிமே அந்தப் பக்கம் வராதே."

உலை கைவிட்டுப் போனதும் முதலீட்டாளர்களும் நழுவிவிட்டார்கள். போலீசில் இருவருமே புகார் கொடுக்கவில்லை.

லியோனி மாவுக்கட்டோடு சோரான் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த டார்க்கோவின் அக்கா வெஸ்னா அவள் காலடியில் காறித் துப்பினாள். லியோனி நகரவில்லை.

"நான் செஞ்சது துரோகம்தான். கம்பெனில சரிபாதி உன் தம்பிக்கு. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

உள்ளேயிருந்து டார்க்கோவின் குரல் வந்தது. "விடு அக்கா, வரட்டும். சாப்பாடு மட்டும் போட்டுறாதே."

கருவியைத் திரும்பச் செய்தார்கள். சோரான் மறுபடியும் தன் உலையில் அதைப் பொருத்த விட்டான். அடுத்த கோடையில் அது உலையடியில் அலறியது. ஆட்கள் ஓடித் தப்பிய பிறகு சுவர் பிளந்து, உருகிய இரும்பு தளமெங்கும் பாய்ந்தது. மற்ற ஆலைகளின் ஃபோர்மேன்களுக்குச் சோரானே போன் போட்டுச் சொன்னான். விற்பனை சூடுபிடித்தது. வருஷக்கணக்கில் இருவரும் ஒரே பட்டறையில் வேலை பார்த்தார்கள். வேலை விஷயம் தவிர ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.